எடைப் பயிற்சி நாளை முதலில் குறியுங்கள், கார்டியோ அப்புறம்

ஓட்டப் பயிற்சிக்கு என்னிடம் வருகிறவர்களை முதல் நாளே ஓடச் சொல்வதில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, "கையை ஊன்றாமல் மெதுவாக உட்காருங்கள், மெதுவாக எழுந்திருங்கள்" என்பேன். மூச்சு வாங்காமல் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கள்கூட பாதி இறங்கியதும் பிடிமானம் விட்டு தொப்பென்று உட்கார்ந்துவிடுவார்கள். எழும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். இதயம் நன்றாகப் பழகியிருக்கிறது, தொடையும் இடுப்பும் பழகவில்லை. கார்டியோ, அதாவது ஓட்டம், நடை, சைக்கிள் மாதிரி இதயத்தைப் பழக்கும் பயிற்சி மட்டுமே செய்கிற பலரிடம் இதைப் பார்க்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான கார்டியோ, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான கார்டியோ. கூடவே உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் இரண்டு நாளாவது வலுவூட்டும் பயிற்சி. வயது 65-ஐத் தாண்டினால் சமநிலைக்கும் வலுவுக்கும் சேர்த்து வாரம் மூன்று நாள். 150 நிமிடக் கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு நாள் கணக்கைச் சொல்கிறவர்கள் குறைவு.

நேரத்தைப் பாதிக்குப் பாதி பங்கு போட வேண்டியதில்லை. எதை எந்த நாளில், எந்த அளவு கடுமையில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தாளில் ஏழு நாட்களை எழுதி, முதலில் வலுப் பயிற்சிக்கு இரண்டு நாளைக் குறியுங்கள். செவ்வாய், வெள்ளி என்று இடைவெளி இருக்கட்டும். பழக்கமில்லாத பயிற்சி செய்தால் வரும் தசை வலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும், அது தணிய இடம் விட வேண்டும். அப்புறம் கடுமையான கார்டியோவுக்கு ஒரு நாள், உதாரணமாக ஞாயிறு. மிச்ச நாட்களில் எளிதான நடை, மெது ஓட்டம், சைக்கிள், நீச்சல், எது பிடிக்கிறதோ அது. ஒரு நாள் முழு ஓய்வு.

எளிது என்றால் உண்மையிலேயே எளிதாக இருக்க வேண்டும். தினமும் ஒரே வேகத்தில், கொஞ்சம் கஷ்டமாக, கொஞ்சம் சுகமாக ஓடுகிறவர்கள்தான் அதிகம். அதில் களைப்பு சேரும், முன்னேற்றம் நின்றுபோகும். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒருவரின் உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தாராளமாகத் தவறும். பேச்சை வைத்துப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது கடுமை, அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் செய்தாக வேண்டுமா? ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு எடையை முதலில் தூக்குங்கள், கார்டியோ பிறகு. சோர்ந்த காலோடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் அசைவு பிசகும். போட்டிக்குத் தயாராகும் ஓட்டக்காரர் மட்டும் ஓட்டத்தை முன்னால் வைக்கலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கார்டியோ செய்தால் தசை கரைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விவரம். ராபர்ட் ஹிக்சன் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் 1980-ல் பத்து வார ஆய்வு ஒன்றை வெளியிட்டார். இரண்டு பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை முதலில் நன்றாக ஏறி, கடைசி வாரங்களில் தேங்கி இறங்கியது. பயத்துக்கு மூலம் அதுதான். ஆனால் அவர்கள் வாரம் ஐந்து நாள் எடை தூக்கி, ஆறு நாள் கடுமையாக ஓடியும் சைக்கிள் மிதித்தும் வந்தவர்கள். நாம் போடும் அளவுக்கு அந்தக் கவலை வேண்டாம். கால் பயிற்சிக்கு மறுநாள் வேக ஓட்டம் மட்டும் வேண்டாம்.

வலுப் பயிற்சியில் ஐந்து அசைவு போதும்: தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துக் குனிவது, கனம் சுமந்து நடப்பது. இழுப்பதைத்தான் வீட்டில் செய்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டு ஒன்றை உறுதியான கம்பியில் மாட்டினால் அதுவும் ஆயிற்று.

குனிவதை மட்டும் நிதானமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நீளக் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவில், வால் எலும்பு, மூன்று இடத்திலும் அது தொட வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நின்று, முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தால் சுவரைத் தொடப் போங்கள். கம்பு எங்காவது விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்தித் திரும்புங்கள். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும். அது தெரிந்த பிறகு டம்பெல்லைக் கையில் எடுக்கலாம்.

ஒரு அசைவை ஒருமுறை செய்வது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்களின் ஒரு சுற்று ஒரு செட். ஒவ்வொரு அசைவும் இரண்டு அல்லது மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு ரெப். இன்னும் இரண்டு முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். பன்னிரண்டும் சுலபமானால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள். நெஞ்சு வலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

என்னிடம் வரும் ஒரு அம்மா அறுபதைத் தாண்டியவர், தினமும் தவறாமல் நடப்பவர். தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. எடைப் பயிற்சி சில மாதம் செய்த பிறகு, ஒரு முழங்காலில் கை வைத்துத் தானே எழுகிறார். "யாரையும் கூப்பிட வேண்டியதில்லை கண்ணு" என்றார். எனக்கு ஓட்டம் உயிர், இருந்தாலும் அந்தப் பலன் ஓட்டத்தில் மட்டும் கிடைக்காது.

ஸ்ட்ரெச்சிங் பயிற்சி முடிந்த பிறகு, ஒவ்வொன்றும் அரை நிமிடம். எடை தூக்குவதற்கு முன் ஒரே நிலையில் நிமிடக்கணக்காக நீட்டிப் பிடித்தால் வலு சற்றுக் குறையும்.

காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு சில நாளாக வழக்கத்தைவிட அதிகம், தூக்கம் சரியில்லை, எளிதான வேகத்திலேயே மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் கடுமையான கார்டியோவை நிறுத்துங்கள். எடைப் பயிற்சியைக் கடைசிவரை விடாதீர்கள், செட்டை மட்டும் குறையுங்கள்.

வேலை நெருக்கும் வாரமும் வரும். அதே ஹிக்சன் 1981-ல் இன்னொன்றும் காட்டினார்: வாரம் ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தும், கடுமையைக் குறைக்காததால் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பதினைந்து வாரம் அப்படியே நின்றது. அதனால் அந்த மாதிரி வாரத்தில் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் எடை, அதே எடை, குறைந்த செட். அதன் பின் பதினைந்து நிமிடம் பேச்சு திணறும் வேகத்தில் கார்டியோ. நெருக்கடி தீர்ந்ததும் பழைய தாளுக்குத் திரும்பலாம்.