நெடுங்கழுத்து டைனோசர் எப்படி வாந்தி எடுத்திருக்கும் என்று கணிக்கும் முறை

நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் எலும்புகளே என்பதால், கணிப்பை இன்று வாழும் விலங்குகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். உயிரியல் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கி அசைபோடும்போது அதன் கழுத்தின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். தோலுக்கடியில் ஓர் உருண்டை விறுவிறுவென மேலேறி வாயை அடையும். மென்று விழுங்கியபின் அது கீழிறங்க, சற்று நேரத்தில் அடுத்த உருண்டை கிளம்பும். இது வாந்தியன்று, ஆயினும், உணவுக்குழாயின் தசைகள் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்கு உணவை ஏற்றவல்லவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து டைனோசரின் உறவினரான பறவைகளையும் முதலைகளையும் பாருங்கள். ஆந்தை, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குகிறது, முதலையும் கக்கும். டைனோசர்களிலிருந்தே தோன்றிய பறவைக்கும், அவற்றுக்கு முன்பே கிளை பிரிந்த முதலைக்கும் உள்ள இத்திறன் டைனோசருக்கும் இருந்திருக்கும் என்று கொள்வது நியாயமே.

இனிக் கணக்கு. மாமென்சிசாரஸ் என்னும் டைனோசரின் கழுத்து சுமார் 15 மீட்டர் என மதிப்பிடப்படுகிறது. 10 மீட்டர் நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம் என்பதால், நிமிர்த்திய கழுத்து முழுவதையும் நிரப்பி வெளியேற்ற வயிறு ஒன்றரை வளிமண்டல அழுத்தத்தைத் தந்தாக வேண்டும், அது நம்பத்தக்கதன்று. எனவே கழுத்தைத் தாழ்த்தி, சிறு சிறு கவளங்களாகவே அது கக்கியிருக்கும் என்பது என் கணிப்பு. மெல்லாமல் விழுங்கிய தழைகள் அப்படியே வந்து விழுந்திருக்கும்.