டிராகனிடம் போகும் தாத்தா பாட்டிகளுக்கு

சிங்கப்பூர் தோ பாயோவில், லோரோங் 6-இல் இருக்கும் டிராகன் விளையாட்டு மைதானத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். திறந்த வெளி, பகல் வெயிலில் சறுக்கு நன்றாகச் சுடும். பிள்ளையை உட்கார வைக்கும் முன் புறங்கையை வைத்துப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தால் டிராகனின் தலைமேல் பதித்த ஓடுகள் வழுக்கும், ஏறும்போது பின்னாலேயே நில்லுங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1979-இல் கட்டிய மைதானம் இது. இப்போது பெரும்பாலான இடங்களில் ரப்பர் தரைதான். இங்கே இன்னும் நிஜ மணல். அதனால் பழைய கரண்டி ஒன்று, இரண்டு டப்பா, கால் கழுவப் பெரிய பாட்டிலில் தண்ணீர், ஒரு துண்டு, மாற்று உடை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், என்ன விளையாடுவது என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டாம். போன முறை என் பேத்தி டப்பாவில் ஈர மணலை அழுத்திக் கவிழ்த்தாள். "டிராகனுக்கு இட்லி. பாட்டி, சட்னி எங்கே?" என்றாள். காய்ந்த இலையை நொறுக்கித் தூவினேன். அரை மணி நேரம் டிராகன் சாப்பிட்டது!