பைதான் நிரலில் குக்கியைச் சேமிப்பது எப்படி: கரண்ட் போனாலும் லாகின் போகாமல்

நீடாமங்கலத்தில் நெல் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் ஒரு நிரல் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் நெல் அனுப்பும் ஆலைக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. லாகின் செய்தால் ஏடிடி 43, சிஆர் 1009 என்று ரகவாரியாக அன்றைய விலை தெரியும். தினமும் காலை 6 மணிக்கு நிரல் அந்தப் பக்கத்தை எடுத்து விலையை ஒரு எக்ஸெல் தாளில் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் மழைக்காலம் வந்ததும் போன் வரும்: “தம்பி, லைட்டு போயிட்டு வந்ததுலேருந்து விலை வரல. லாகின் பக்கம்தான் வருது.”

பிரவுசராக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது, குக்கியை அதுவே வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். நம் நிரலுக்கு அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். பைதான் 3, இணையப் பக்கங்களை எடுக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், இந்த இரண்டும் இருந்தால் போதும். நிரலில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், முதல் சில எழுத்துகளைப் போட்டாலே மீதியை அது காட்டிவிடும்.

முதலில், குக்கி என்ன செய்கிறது?

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி இதற்குக் கண்டுபிடித்த வழிதான் குக்கி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கொடுப்பார்களே, அதேதான். அம்மாபேட்டை நிலையத்து டோக்கன் நீடாமங்கலத்தில் செல்லாது, தேதி தாண்டினாலும் செல்லாது. சர்வர் தன் பதிலோடு இப்படி ஒரு தலைப்பு வரி (ஹெட்டர்) அனுப்பும்:

செட்-குக்கி: செஷன்ஐடி=7ஏ91; பாத்=/; மேக்ஸ்-ஏஜ்=3600; செக்யூர்

அடுத்த கோரிக்கையில் நாம் ‘குக்கி: செஷன்ஐடி=7ஏ91’ என்று பெயரையும் மதிப்பையும் மட்டும் திருப்பிக் காட்ட வேண்டும். மற்றவை நமக்கான குறிப்பு: எந்தப் பாதைக்குச் செல்லும், எத்தனை விநாடி உயிரோடு இருக்கும், மறையாக்கம் செய்த ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் அனுப்பலாமா என்பது. டொமைன் (தளத்தின் பெயர்) என்று எதுவும் சொல்லாவிட்டால், கொடுத்த அந்த ஒரே சர்வருக்கு மட்டும்தான் அது போகும். மேக்ஸ்-ஏஜ், காலாவதித் தேதியையே சொல்லும் எக்ஸ்பயர்ஸ் இரண்டும் இருந்தால் மேக்ஸ்-ஏஜ் சொல்வதுதான் கணக்கு. சேம்சைட் என்று ஒன்றைப் பார்த்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது பிரவுசருக்கான விதி, பைதான் குக்கிகளைப் போட்டு வைக்கும் ஜார் அதைக் கண்டுகொள்ளாது.

படி 1: செஷனைத் திறங்கள்

ரிக்வெஸ்ட்ஸ்.கெட் என்று நேரடியாக அழைத்தால் ஒவ்வொரு அழைப்பும் தனித்தனி. முதல் அழைப்பில் வந்த குக்கி அடுத்ததற்குப் போகாது. அதனால் ‘எஸ் = ரிக்வெஸ்ட்ஸ்.செஷன்()’ என்று ஒன்றை உருவாக்கி, அதன் பிறகு எல்லாவற்றுக்கும் எஸ்.கெட், எஸ்.போஸ்ட் மட்டுமே பயன்படுத்துங்கள். வருகிற குக்கியை வாங்கி வைப்பது, சரியான முகவரிக்கு மட்டும் திருப்பி அனுப்புவது, நடுவில் ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) வந்தால் அங்கே கிடைப்பதையும் சேர்ப்பது எல்லாம் செஷன் பொறுப்பு.

செட்-குக்கி வரியைத் தானே அரைப்புள்ளியில் வெட்டி, ஹெட்டரைத் தானே ஒட்டும் நிரல்கள் நிறையச் சுற்றுகின்றன. அந்த வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. டொமைனும் பாதையும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் மட்டுமே நிறைய நுணுக்கம் இருக்கிறது. அதை எழுதிச் சோதித்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

படி 2: கோப்போடு இணையுங்கள்

செஷனுக்குள் இருக்கும் ஜார் நினைவகத்தில்தான் வாழ்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும். அதனால் ஹெச்டிடிபி.குக்கிஜார் என்ற மாட்யூலிலிருந்து மொசில்லாகுக்கிஜார் என்ற வகுப்பை இம்போர்ட் செய்து, ‘எஸ்.குக்கீஸ் = மொசில்லாகுக்கிஜார்(கோப்பின் பெயர்)’ என்று மாற்றி வையுங்கள். இனி ‘எஸ்.குக்கீஸ்.சேவ்()’ என்றால் கோப்பில் எழுதும், ‘எஸ்.குக்கீஸ்.லோட்()’ என்றால் திரும்ப வாசிக்கும். முதல் தடவை ஓடும்போது கோப்பே இருக்காது, லோட் பிழை காட்டும். கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லோட் செய்யுங்கள்.

ஆலைத் தளத்தைத் தொடுவதற்கு முன் ஹெச்டிடிபிபின்.ஆர்க் என்ற பயிற்சித் தளத்தில் பழகுங்கள். அதில் ‘/குக்கீஸ்/செட்/நெல்/ஏடிடி43’ என்ற வடிவில் முகவரி கொடுத்தால் (இதையும் ஆங்கில எழுத்தில்தான்) அந்தப் பெயரில் ஒரு குக்கி தரும். வாங்கியதும் சேவ் செய்து, கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்.

உள்ளே ‘நெட்ஸ்கேப் ஹெச்டிடிபி குக்கி ஃபைல்’ என்று தொடங்கும் சில குறிப்பு வரிகள் இருக்கும். குக்கி இருக்காது!

நீடாமங்கலத்திலிருந்து போன் வருவது இதனால்தான். காலாவதி நேரம் சொல்லாமல் வரும் குக்கிக்குச் செஷன் குக்கி என்று பெயர். பிரவுசரை மூடினால் அது போய்விட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. பைதான் அதை மதித்து, சேவ் செய்யும்போது சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. லாகின் குக்கிகளில் பல இந்த வகைதான். வேண்டும் என்றால் ‘சேவ்(இக்னோர்_டிஸ்கார்ட்=ட்ரூ)’ என்று கேட்டு வாங்க வேண்டும். லோட் செய்யும்போதும் அதே சொல்லைப் போட வேண்டும். சேவில் மட்டும் போட்டால் கோப்பில் குக்கி கண்ணுக்குத் தெரியும், நிரலுக்குள் மட்டும் வராது. பக்கத்திலேயே இக்னோர்_எக்ஸ்பயர்ஸ் என்று இன்னொன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள், செத்த குக்கியைச் சுமந்து பயனில்லை.

இப்போது மறுபடி சேவ் செய்து திறந்தால், டேப் இடைவெளி விட்டு 7 பகுதிகள் கொண்ட ஒரு வரி தெரியும்: டொமைன், துணை டொமைனுக்கும் செல்லுமா, பாதை, செக்யூரா, காலாவதி, பெயர், மதிப்பு. நம் குக்கிக்கு ஐந்தாவது இடம் காலியாக இருக்கும், செஷன் குக்கி என்பதற்கு அதுதான் அடையாளம். மற்றவற்றில் அந்த இடத்தில் ஒரு நீண்ட எண் இருக்கும், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். ஹெட்டரில் வரும் எக்ஸ்பயர்ஸ் நேரம் ஜிஎம்டி என்பதை மறக்க வேண்டாம்: அங்கே 00:30 என்றால் நம் ஊரில் காலை 6 மணி. இணையப் பக்கங்களை எடுக்கும் கர்ல் கருவியும் இதே வடிவக் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது.

படி 3: எப்போது சேமிப்பது?

லாகின் ஆன அடுத்த வரியிலேயே. நிரலின் கடைசி வரியில் வைத்தால், அங்கே போய்ச் சேருவதற்குள் லைட்டு போகலாம். சில சர்வர்கள் நடுவில் செஷன் எண்ணை மாற்றிக் கொடுக்கும், அதனால் வேலை முடிந்ததும் இன்னொரு முறை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். வேறு பெயரில் சேமித்துவிட்டு ‘ஓஎஸ்.ரீப்ளேஸ்’ மூலம் பழையதன் இடத்தில் வைத்தால் இந்தப் பயம் இல்லை.

படி 4: லாகின் உயிரோடு இருக்கிறதா?

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். குக்கி கோப்பில் இருக்கிறது என்பதாலேயே சர்வர் அதை ஏற்கும் என்று இல்லை. செஷன் முடிந்திருந்தால் பல தளங்கள் பிழை சொல்லாது. 302 என்று லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், அந்தப் பக்கம் 200 என்று நல்லபடியாக வந்து சேரும். நிரலும் எல்லாம் சரி என்று நினைத்து, லாகின் பக்கத்தில் சிஆர் 1009இன் விலையைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே 200ஐ நம்பாதீர்கள். பதிலின் யூஆர்எல் எந்தப் பக்கத்தில் போய் நிற்கிறது என்று பாருங்கள். லாகின் முகவரி என்றால் மறுபடி லாகின் செய்து, சேமித்து, ஒரே ஒரு தடவை திரும்பக் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் நிறுத்திவிட்டுத் தகவல் எழுதுங்கள். விடாமல் முயன்றுகொண்டே இருந்தால் தளம் கணக்கையே பூட்டிவிடலாம்.

சோதிக்கும்போது குழப்புபவை

உங்கள் கணினியிலேயே சின்ன சர்வர் ஓட்டிப் பார்த்தால் டொமைன் ‘லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்’ என்று தெரியும். பிழையில்லை, புள்ளி இல்லாத பெயருக்குப் பைதான் இப்படி வால் ஒட்டும். அந்த சர்வர் வெறும் ஹெச்டிடிபியில் ஓடி, குக்கியில் செக்யூர் என்று இருந்தால் அது திரும்பப் போகாது.

குக்கி மதிப்பில் தமிழை அப்படியே வைக்க முடியாது, சதவீதக் குறியீடாக (ஒவ்வொரு பைட்டையும் % போட்டு எழுதும் முறை) மாற்ற வேண்டும். ‘தஞ்சாவூர்’ என்ற ஒரு சொல் 81 எழுத்தாக நீளும். ஒரு குக்கிக்கு 4096 பைட்டாவது இடம் தர வேண்டும் என்கிறது குக்கிக்கான விதிகளைச் சொல்லும், 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற ஆவணம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஊர்ப் பட்டியலையெல்லாம் அதில் திணிக்க வேண்டாம்.

கோப்பைப் பத்திரமாக வையுங்கள்

அந்தக் கோப்பு கையில் கிடைத்தால் பாஸ்வேர்டு தெரியாமலேயே கடைக்காரர் கணக்குக்குள் போய்விடலாம். லினக்ஸ் என்றால் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்குங்கள். நிரலை கிட்டில் வைத்திருந்தால், அதில் ஏற்றக் கூடாத கோப்புகளுக்கான கிட் இக்னோர் பட்டியலில் இதைச் சேருங்கள். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் பிழையைப் போடும்போது ஸ்கிரீன்ஷாட்டில் குக்கி தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஓடிபி, கேப்ச்சா கேட்கும் தளங்களில் இந்த வேலையே வேண்டாம். ஆலைத் தளமானாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 5: அழிப்பது

‘எஸ்.குக்கீஸ்.கிளியர்()’ எல்லாவற்றையும் அழிக்கும். டொமைன், பாதை, பெயர் என்ற மூன்றையும் அதே வரிசையில் கொடுத்தால் ஒன்றை மட்டும் அழிக்கும். அழித்த பிறகு சேவ் செய்தால்தான் கோப்பிலிருந்தும் போகும். ஆனால் இதெல்லாம் நம் பக்கம் மட்டும்தான். சர்வரில் அந்தச் செஷன் இன்னும் திறந்தே இருக்கும், நகல் வைத்திருப்பவர் உள்ளே போகலாம். கடையில் கணினியை மாற்றும்போதோ, கணக்குப் பார்க்கும் பையன் வேலையை விட்டுப் போகும்போதோ முதலில் தளத்தின் லாக்அவுட் முகவரியை எஸ் மூலமாகவே அழையுங்கள், கிளியரும் சேவும் அதற்குப் பிறகு.