டாரட் படங்களின் மூலத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்று குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டில் இந்தப் படத்தை ஏன் இப்படி வரைந்தார்கள் என்று தேடக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம்தான். ஆனால் நான் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள். சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன், அவை போகப்போகத் தானாகச் சரியாகிவிடும்.

1909-ஐ 1450-க்குள் திணிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ரைடர்-வெயிட் என்ற சீட்டுக்கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. டாரட் பிறந்ததோ 15ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். நடுவில் இருக்கும் நானூறு ஆண்டுகளுக்கு மேலான காலத்தைக் கண்டுகொள்ளாமல், வெயிட் கட்டில் பார்த்ததையெல்லாம் ஆதி நோக்கம் என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒருவர் ஸ்ட்ரெங்த் (வலிமை) சீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவந்து காட்டினார். சீட்டின் எண் 8, பெண்ணின் தலைக்கு மேலே படுத்த எட்டு, அப்படியென்றால் முடிவிலி, ஆகவே மிலானில் பழைய சீட்டுகளை வரைந்த ஓவியர் அழியாத ஆன்ம பலத்தைத்தான் குறித்தார் என்று வாதம். படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மிலானை ஆண்ட குடும்பத்துக்காகச் சுமார் 1450-ல் வரையப்பட்ட அந்த விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா சீட்டுகளில் எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. அந்தக் கட்டின் ஸ்ட்ரெங்த்தில் பெண்ணே இல்லை. ஹெர்குலிஸ் மாதிரி ஒரு ஆண் தடியை ஓங்கிச் சிங்கத்தை அடிக்கப் போகிறான். பிற்பாடு எண் போட்டு அச்சடித்த மார்சேய் என்ற பிரெஞ்சு பாணிக் கட்டுகளில் இந்தச் சீட்டு 11, ஜஸ்டிஸ் (நீதி) சீட்டுதான் 8. அங்கே பெண் வந்துவிடுகிறாள், ஆனால் தலையில் இருப்பது அகலமான விளிம்பு வைத்த தொப்பி.

சரி, 8 எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் இயங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கம் சீட்டுகளை எபிரேய எழுத்துகளோடும் ராசிகளோடும் பொருத்தியது. சிங்கம் இருக்கும் ஸ்ட்ரெங்த் சிம்மம், தராசு இருக்கும் ஜஸ்டிஸ் துலாம். ராசி வரிசையில் சிம்மம் முதலில் வர வேண்டுமே, அதனால் இரண்டு சீட்டையும் இடம் மாற்றினார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த வெயிட் அதே வரிசையைத் தன் கட்டில் வைத்துக்கொண்டு, காரணத்தை வாசகருக்குச் சொல்லாமலே நழுவிவிட்டார். இதைச் சொன்னதும் வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவர் எழுதியதில் மிஞ்சியது சிங்கம் மட்டும்தான்.

தலைகீழாகத் தொங்கும் மனிதனைக் காட்டும் ஹேங்டு மேன் சீட்டிலும் இதே கூத்து. வெயிட் கட்டில் தலையைச் சுற்றி ஒளிவட்டம், முகத்தில் அமைதி, அதனால் தியாகம், சரணாகதி என்கிறோம். பழைய இத்தாலியச் சீட்டுப் பட்டியல்களில் அவன் துரோகி. துரோகம் செய்தவனையும் மோசடிக்காரனையும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் ஊர்ப் பொதுச்சுவரில் வரைந்து மானத்தை வாங்குவது அன்றைய இத்தாலிய நகரங்களில் ஒரு தண்டனை. அந்தச் சீட்டைப் பார்த்தவனுக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்திருக்கும்.

வெயிட் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, அது 1909-ன் நோக்கம், அவ்வளவுதான். எதை எழுதினாலும் எந்தக் கட்டு, எந்த ஆண்டு என்பதை முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.

எகிப்து

டாரட் எகிப்திலிருந்து வந்தது என்பது 1781-ல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்ற எழுத்தாளர் கிளப்பிவிட்ட கதை. எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி பிறந்ததே 1822-ல்தான்.

ஆட்டத்தை மறப்பது

முதலில் இது சீட்டாட்டம், குறி சொல்வது பரவியது 18ஆம் நூற்றாண்டில். எந்தப் படம் எதை வெட்டும் என்ற துருப்பு வரிசையைப் பாருங்கள்: பேரரசரைப் போப் வெட்டுவார், போப்பைக் காதல் வெட்டும், இவர்கள் எல்லோரையும் மரணம் வெட்டும்.

ஸ்மித்தை வெறும் கூலிக்கு வரைந்தவராக நினைப்பது

கூலி குறைவுதான், பெரிய வேலைக்குச் சொற்பப் பணம் என்று அவரே 1909-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் லண்டனின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர் அவர். பல சீட்டுகளில் ஆட்கள் மேடைமேல் நிற்பதுபோல் இருப்பதை சீட்டுகளுக்கு விளக்கமாக வெயிட் எழுதிய புத்தகத்தை வைத்து விளக்க முடியாது. இதயத்தில் மூன்று வாள் பாயும் சீட்டுக்கு அவர் பார்த்த மாதிரி, 1491 வாக்கில் உருவான சோலா பூஸ்கா என்ற இத்தாலியக் கட்டு. அதன் புகைப்படங்கள் 1907-லேயே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துவிட்டன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறத்துக்குத் தத்துவம்

பதிப்புக்குப் பதிப்பு நிறம் மாறும். பழைய அச்சோடு ஒப்பிடாமல் மஞ்சள் வானத்துக்கு விளக்கம் எழுதாதீர்கள்.