ஹெட்போன் வாங்குமுன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

விலை குறைந்த இரைச்சல் நீக்கும் வயர்லெஸ் ஹெட்போனை உயர்விலை ஹெட்போனோடு ஒப்பிடும்போது, பாட்டு எதையும் ஓடவிடாமல், மின்விசிறி ஓடும் அறையில் இரண்டையும் மாறி மாறி அணிந்து, இரைச்சல் நீக்கத்தை அணைத்தும் இயக்கியும் கேளுங்கள். பிறகு அருகில் ஒருவரைப் பேசச் சொல்லி அதையே திரும்பச் செய்யுங்கள். வெளியொலிக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி அதை அடக்கும் இந்த நுட்பம், சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்கு) கீழுள்ள தாழ்ந்த, சீரான முழக்கத்தில்தான் சிறப்பாக வேலை செய்கிறது. பேச்சின் கூர்மையான பகுதிகள் போன்ற, அதற்கு மேலுள்ள ஒலியைப் பெரும்பாலும் காதை மூடும் மெத்தையே தடுக்கிறது. ஆகவே, முழக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு அடங்கினால், பேருந்து, விமானப் பயணங்களுக்காக மட்டும் வாங்குபவர் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமலே சோதிக்க வேண்டும். தொலைபேசியில் பேசுவதற்காக வாங்குவோருக்கு இச்சோதனை பொருந்தாது. அவர்கள் மைக்கின் தரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.