ஆலைக் கழிவை வைத்து நீரைச் சுத்திகரிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அனல்மின் நிலையச் சாம்பல், எஃகு ஆலைக் கசடு, பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேறு, குடிநீர் நிலையங்களில் சேரும் படிகாரச் சேறு. கன உலோகம், பாஸ்பேட், ஃபுளோரைடு, சாயம் என்று ஒவ்வொன்றும் எதையாவது பிடித்து வைக்கும். இருந்தும், ஆய்வகத்தில் "99 சதவீத நீக்கம்" காட்டிய பல முயற்சிகள் தொட்டிக்கு வந்ததும் ஊற்றிக்கொள்கின்றன. பொருள் நீரிலிருந்து எடுத்ததை அளப்பவர்கள், அது நீரில் விட்டதை அளப்பதில்லை.

சாம்பலையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆர்சனிக், செலினியம், போரான், குரோமியம் எல்லாம் சிறிதளவு இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் நீரின் பிஎச்சை (அமில-கார அளவை; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 11-க்கு மேல் கொண்டுபோகும். அந்தக் காரத்தில் இவற்றில் பல எளிதில் கரைந்து வெளியே வரும். காரீயத்தை எடுக்கப்போய் குரோமியத்தைச் சேர்த்துவிட்டு நிற்போம். ஆகவே முதலில் செய்ய வேண்டியது வெற்றுச் சோதனை. மாசில்லாத காய்ச்சி வடித்த நீரில் அதே அளவு பொருளைப் போட்டு, அதே நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, இந்தத் தனிமங்களை அளக்க வேண்டும். இதில் தேறாத பொருளை அங்கேயே ஒதுக்கிவிடலாம். சாம்பல் லோடுக்கு லோடு மாறும். நிலக்கரி மாறினால் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது, ஆய்வுக் கட்டுரைகளிலேயே மலிந்து கிடக்கும் தவறு: வீழ்படிவை, அதாவது கரைந்திருந்தது திடமாகிப் படிவதை, பரப்புக்கவர்ச்சி, அதாவது பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது என்று எழுதிவிடுவது. காரப் பொருளைப் போட்டதும் பிஎச் 9-ஐ நெருங்குகிறது. காரீயமும் செம்பும் ஹைட்ராக்சைடாகப் படிகின்றன. இதில் சாம்பலின் பரப்புக்குப் பெரிய பங்கில்லை, அந்த வேலையைச் சுண்ணாம்பே செய்திருக்கும். பிஎச் இறங்கினால் படிந்தது மறுபடி கரையும். கண்டுபிடிப்பது எளிது. பொருள் போடாத இன்னொரு குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்து, வடிகட்டி அளங்கள். இரண்டிலும் எண் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், உங்களிடம் இருப்பது விலை குறைந்த சுண்ணாம்பு. அதுவும் பயன்படும்தான், ஆனால் அப்படியே பெயரிட்டு வடிவமைக்க வேண்டும்.

சதவீதக் கணக்கும் ஏமாற்றும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரீயம் உள்ள 100 மில்லிலிட்டர் நீரில் இருப்பது மொத்தமே 1 மில்லிகிராம். அதில் 2 கிராம் சாம்பலைக் கொட்டி 99 சதவீதம் எடுத்தால், ஒரு கிராம் பிடித்தது அரை மில்லிகிராம்கூட இல்லை. இதே விகிதத்தில் 1,000 லிட்டருக்கு 20 கிலோ சாம்பல் வேண்டும். அத்தனையும் ஈரச் சேறாகத் திரும்பி வரும். எனவே கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

சோதனைக்கு உண்மையான கழிவுநீரையே எடுங்கள். ஆர்சனிக்கின் இடத்தைப் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பறித்துக்கொள்ளும். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான மூன்றிணைதிற ஆர்சனிக்குக்கு பிஎச் 9 வரை மின்னூட்டமே கிடையாது, அதனால் பொருளின் பரப்பு அதை எளிதில் ஈர்க்காது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்யாவிட்டால் பெரும்பகுதி நழுவிவிடும்.

செஞ்சேற்றை நாலு முறை தண்ணீரில் அலசி, பிஎச் 8 காட்டியதும் நிறுத்திவிடுவார்கள். அதிலுள்ள சோடலைட் போன்ற கனிமங்கள் காரத்தை மெல்ல விடுவதால் பிஎச் பிறகு மீண்டும் ஏறும். ஜிப்சம் அல்லது கடல்நீரால் நடுநிலையாக்கி, சில நாள் ஊறவிட்டுத் திரும்ப அளப்பதே சரி. செஞ்சேற்றை அமிலத்தில் அலசித் தூண்டினால் மாசைப் பிடிக்கும் பரப்பு கூடும். ஆனால் அலசிய அமிலநீரில் உலோகங்கள் கரைந்திருக்கும், அதையும் சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது.

படிகாரச் சேற்றைச் சூளையில் சுடாதீர்கள். பாஸ்பேட்டைப் பிடிப்பது படிகமாகாத அலுமினியம் ஹைட்ராக்சைடுதான். சூடு கூடக்கூட அது படிக வடிவத்துக்கு மாறிப் பிடிப்புத் திறன் குறையும். காற்றில் உலர்த்தி, உடைத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் துகளாகச் சலித்தால் போதும். அமில நீருக்கு இது ஆகாது, அலுமினியம் கரையும்.

நீர் ஊடுருவி வடியும் படுகை கட்டும்போது சாம்பல் தூளை அப்படியே நிரப்பினால் நீர் இறங்காது. உருண்டையாக்கச் சிமெண்ட் சேர்த்தால் பிஎச் இன்னும் ஏறும், வெற்றுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எஃகுக் கசட்டுப் படுகையில் சிக்கல் வேறு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட் ஓடு கட்டிக்கொள்ளும், பாஸ்பேட் நீக்கம் குறையும், ஓட்டம் தடைபடும். நீர்மட்டத்தைக் கசட்டுக் கற்களின் மேல்மட்டத்துக்குக் கீழே வைத்தால் காற்று படுவது குறையும். வெளிவரும் நீரின் பிஎச் 11-ஐயும் தாண்டலாம். குறைக்காமல் ஓடையில் விட்டால், நீரிலுள்ள அம்மோனியம் மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும்.

பயன்படுத்தி முடித்த பொருளை நிலத்தில் கொட்டும் முன் கசிவுச் சோதனை கட்டாயம். டிசிஎல்பி (TCLP) என்ற அமெரிக்கக் கசிவுச் சோதனை முறையில் பொருளின் எடையைப் போல் 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். அது அமிலச் சூழலுக்கான சோதனை. காரத்தில் கரையும் ஆர்சனிக், குரோமியத்துக்கு அது மட்டும் போதாது. வெறும் நீரிலும் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, செங்கல்லில் சேர்ப்பதா, காப்புக் குழியில் புதைப்பதா என்று தீர்மானியுங்கள்.