வேதப் புத்தகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போகுமுன்

போன மாதம் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு. சர்க்கரையால் கால் விரல்களை எடுத்துவிட்டுப் படுத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்பே எங்கள் சபை வாலிபர் மூன்று பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு தம்பி, நல்ல பிள்ளைதான், குனிந்து கேட்டான்: "அங்கிள், மனசுல யார் மேலயாவது கசப்பு வச்சிருக்கீங்களா? அதை விட்டுட்டீங்கன்னா சுகம் வந்துடும்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாதி அந்தத் தம்பிமேல். மீதி, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்த என்மேல்.

நான் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூ ஓடு, பதிக்கிற வேலை பார்க்கிறவன். வேலை இல்லாத நாட்களிலும் ஞாயிறு மத்தியானத்திலும் சபை சார்பாக வீடு சந்திப்புக்குப் போவேன். ஜெபிக்காமல் போகாதே, வெறுங்கையோடு போகாதே என்பதையெல்லாம் ஆயரே சொல்லிவிடுவார். அவர் நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடுகிறவை சில உண்டு. நாம் செய்யக் கூடாத அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காரணம் கண்டுபிடித்துச் சொல்வது

புதுவயல் பக்கம் ஒரு வீடு. அந்த அக்காவின் கணவர் அரிசி ஆலை லாரி ஓட்டியவர். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்றாம் நாள் நான் புது வேதாகமத்தோடு போய் உட்கார்ந்தேன். எழுப்புதல் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த சூடு அப்போது எனக்கு. "கர்த்தர் காரணமில்லாம எதையும் அனுமதிக்க மாட்டார் அக்கா. வீட்டுல அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்றேன். அந்த அக்கா எழுந்து உள்ளே போனார். ஜெபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். காப்பியோடு வந்தார். "குடிச்சிட்டுக் கிளம்புங்க தம்பி."

அதன்பிறகு ஆறு வருடம் அவர் கோவில் வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கு வரவேண்டிய வயது அந்த ஆறு வருடத்துக்குள்ளேயே முடிந்துபோனது. நான் குடித்த அந்தக் காப்பியின் விலை அது.

இதில் வேடிக்கை, யோபு புத்தகத்தை நான் அப்போது இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். தப்பு எதுவும் செய்யாமலே பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்தவன் யோபு. அவன் சிநேகிதர்கள் வந்ததும் என்ன செய்தார்கள் என்று இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் அவனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். நான்காம் அதிகாரத்தில் அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் வாயைத் திறக்கிறான். குற்றமில்லாதவன் அழிந்தது உண்டோ என்று கேட்கிறான். அங்கே ஆரம்பித்த தப்பு, 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்படுகிற வரைக்கும் போகிறது. மன்னிப்பு எப்படிக் கிடைத்தது தெரியுமா? யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்டதால். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்காக, அடிபட்டவன் ஜெபிக்க வேண்டியிருந்தது.

இயேசுவிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? இருவருமே இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பவுலோ தன் உடம்பில் குத்திய முள்ளை, அப்படி அவர் சொன்ன வேதனையை, எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை. இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "விசுவாசம் இருந்தா சுகம்" என்று எப்படி வாய் வருகிறதோ!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தேவகோட்டைப் பக்கம் பஸ் ஏறினால் ஓரியூர். அது கத்தோலிக்கர்களுடைய தலம், நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை; இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை போய்வருவேன். போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தரை 1686-இல் மறவர் சீமையில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிழைத்து, போர்ச்சுகலுக்குப் போனார். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று அந்தச் செம்மண்ணில் நின்று சொல்லத் துணிச்சல் உள்ளவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

பின் ஏன் இதைச் செய்கிறோம்? பயம். எனக்கு இது புரியப் பல வருடம் ஆனது. அடுத்த வீட்டில் விழுந்த இடிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால், அந்தக் காரணம் நம் வீட்டில் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். நாம் கொண்டுபோகிற விளக்கம் நமக்கான தாயத்து. துக்க வீட்டுக்காரர் செலவில் அதை நாம் கட்டிக்கொள்கிறோம்.

என் அப்பா வாதத்தில் விழுந்து கிடந்தபோது அந்தப் புதுவயல் அக்கா வந்தார். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. என் மனைவியோடு சேர்ந்து படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டார். அன்றைக்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை, நாக்கு வரவில்லை. அதற்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

எல்லாருக்கும் நெருப்பு உவமை

பொன் நெருப்பில் சோதிக்கப்படுகிறது என்று பேதுரு எழுதியது உண்மைதான். அதற்காகக் காய்ச்சலில் கிடக்கிறவரிடமும் அதைச் சொல்லணுமா? எங்கள் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வைப்பதே இல்லை. கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஊறி ஊறித்தான் இறுகும். வீட்டார் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

வாக்குத்தத்த அட்டையோடு நிறுத்திக்கொள்வது

வருடப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதிக் கொடுக்கிற அட்டையில் எரேமியா 29:11 வந்தால் முகம் மலர்ந்துவிடும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சரி. பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கே 70 வருடம் என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்க வழியே இல்லை. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்பட்டது. ஜூன் மாதத்துக்குள் விசா வரும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

கூடவே கூடாது. தன்னோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார்.

ஆசீர்வாதத்தைச் சதுர அடியில் அளப்பது

சாட்சி வேளையில் ஒருவர் எழுந்து, சிங்கப்பூர் வேலை, மாடி வீடு, கார் என்று கணக்கு ஒப்பிக்கிறார். அதே வேலைக்காக அதே வருடம் உபவாசம் இருந்து, கிடைக்காத பையன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நன்றி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் காதில் விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு வீட்டை அளவுகோலாக வைக்கலாமா? கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பாருங்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்த பிறகு, அங்கே இருந்த சொத்தெல்லாம் கைவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனை! வருடத்துக்கு ஒரு தடவை முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கிற வீடுகளில் நான் தரை பதித்திருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும்போது என் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கடன் வாங்கிப் பொருத்தனை (நேர்ந்துகொண்டது) செலுத்துவது

வட்டிக்கு வாங்கி ஸ்தோத்திரக் கூட்டம், இருநூறு பேருக்குப் பிரியாணி. அடுத்த மாதம் வட்டி கட்ட முடியவில்லை என்று ஜெப விண்ணப்பம்.

எழுந்திருக்காமல் இருப்பது

பதினைந்து நிமிடம் போதும். நோயாளிக்குப் பாத்ரூம் போக வேண்டியிருக்கும், நீங்கள் இருப்பதால் அடக்கிக்கொண்டிருப்பார். ஜெபத்தில் ஊர்ச் செய்தி, நாட்டுத் தலைவர்கள், மழை எல்லாம் வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி நாலு வரி. தட்டில் வைத்த முறுக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வருத்தப்படுவார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "இன்னொரு சின்ன ஜெபம் பண்ணிடலாமா" என்று திரும்பி நிற்காதீர்கள்.